பெட்டியில 250, பிளக்குல 16

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வீட்டு உபயோகத்துக்குன்னு விக்கிற மலிவு விலை மிக் வெல்டிங் மெஷின் பெட்டி மேல கொட்டை எழுத்துல 200, 250னு ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பரை நம்பி யாரும் பணம் கட்டாதீங்க. பல மெஷின்ல அது ஆம்பியரே கிடையாது, வெறும் மாடல் பேரு. மெஷினால உண்மையிலேயே அவ்வளவு ஆம்பியர் கொடுக்க முடிஞ்சாலும், உங்க வீட்டு பிளக்கால கொடுக்க முடியாது. இதைச் சொன்னா கடைக்காரங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இதை ஏன் ஒரு விவசாயி எழுதறான்னு கேக்கலாம். வல்லம் வடகால், ஒரகடம், மாத்தூர்னு எங்க பக்கத்துல இன்னிக்கு நெல்லை விட இரும்பு அதிகம். சிப்காட் வந்த பிறகு வீட்டுக்கு ஒரு பையனாவது ஏதோ ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருக்கான். வல்லம் வடகால்லயே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை 2017லேர்ந்து ஓடுது. பெரிய கம்பெனிகளைச் சுத்தி சீட் ஃப்ரேம், சைலென்சர், பிராக்கெட் செய்யற சின்ன யூனிட்டுகள் இருக்கு. அங்கெல்லாம் சிஓடூ வெல்டிங்தான். மிக்னு புஸ்தகத்துல போட்டிருக்கிறதை எங்க பசங்க சிஓடூன்னுதான் சொல்லுவாங்க. நாள் பூரா அதுல வேலை பாத்துட்டு வீட்டுக்கு வர்ற பையன், மாட்டுக் கொட்டகை கேட் உடைஞ்சு கிடக்கிறதைப் பாத்தா, "நாமளே ஒரு சிஓடூ மெஷின் வாங்கிடலாம்பா"ன்னுதான் சொல்லுவான். நியாயமான ஆசை.

அதே ஆசை சென்னையிலேர்ந்து வந்து எங்க பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்னு வாங்கிப் போட்ட நண்பர்களுக்கும் இருக்கு. மாடியில செடி வளக்கிறவங்களுக்கும் இருக்கு. ஸ்டாண்டு, ரேக்கு, வேலிக் கேட்டுன்னு ஞாயித்துக்கிழமை வேலைக்கு ஒரு மெஷின். ஆசையில தப்பே இல்லை. அந்த ஆசையை வச்சு விக்கிறாங்களே, அந்த வியாபாரத்துல தப்பு இருக்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்க

எட்டாம் வகுப்பு கணக்கு போதும். மிக் வெல்டிங்ல எத்தனை ஆம்பியருக்கு எத்தனை வோல்ட்டுன்னு உலகம் பூரா ஒரே கணக்கு வச்சிருக்காங்க. ஆம்பியரை 0.05ஆல பெருக்கி, அதோட 14ஐக் கூட்டணும். 250 ஆம்ப்புக்கு 26.5 வோல்ட் வரும். ரெண்டையும் பெருக்கினா 6,625 வாட். இது பத்த வைக்கிற இடத்துல தேவைப்படற சக்தி. மெஷினுக்குள்ள சூடாப் போறது சுமார் அஞ்சுல ஒரு பங்குன்னு வச்சுக்கிட்டா, சுவத்துலேர்ந்து எடுக்க வேண்டியது 8,280 வாட். 230 வோல்ட்ல அது 36 ஆம்ப்.

உங்க வீட்டு பவர் பிளக் எவ்வளவு? 16 ஆம்ப்.

இப்போ திருப்பிப் போடுங்க. 16 ஆம்ப், 230 வோல்ட், மொத்தம் 3,680 வாட். அஞ்சுல ஒரு பங்கு போனா மிச்சம் 2,944. அதுல அதிகபட்சம் 140 ஆம்ப்தான் பத்த வைக்க முடியும். இதுவும் எல்லாம் ஒழுங்கா இருந்தாத்தான். மலிவு மெஷின்ல பவர் ஃபேக்டர் மோசமா இருக்கும். 0.7னு வச்சா 105 ஆம்ப்புக்கு இறங்கிடும். தெருக்கோடி வீட்டுக்கு சாயங்காலம் 190 வோல்ட் வந்தா இன்னும் இறங்கும். எம்சிபி உடனே விழாது, கொஞ்ச நேரம் தாங்கும். அதனால "எங்க வீட்ல ஓடுதே"ன்னு சிலர் சொல்றாங்க. ஓடும். சுவத்துக்குள்ள இருக்கிற வயர் சூடாகிக்கிட்டே ஓடும்.

ஆக 250ன்னு போட்ட மெஷினை 16 ஆம்ப் பிளக்கு வச்சு ஒரு கடைக்காரர் உங்க கையில கொடுத்தா, அந்தப் பெட்டியும் அந்தப் பிளக்கும் ஒண்ணையொண்ணு பொய்யின்னு சொல்லுது. சாட்சி வேற யாரும் வேண்டாம்.

தேவை எவ்வளவு, அதைப் பேசுவோம்

இதுல வேடிக்கை என்னன்னா, நமக்கு 250 தேவையே இல்லை. சாதா இரும்புல ஒரு மில்லி கனத்துக்கு சுமார் 40 ஆம்ப்னு தோராயக் கணக்கு. கேட், ஸ்டாண்டு, ஆட்டுப் பட்டி எல்லாத்துக்கும் நாம வாங்கறது 18 கேஜ் அல்லது 16 கேஜ் சதுர டியூப். அதாவது 1.2 மில்லி, 1.6 மில்லி. அம்பதுலேர்ந்து எழுபது ஆம்ப்புக்குள்ள முடிஞ்சது வேலை. 3 மில்லி ஆங்கிள்னா 120. உண்மையான 140 ஆம்ப் கொடுக்கிற மெஷின் இருந்தா, வீட்டு வேலை பெரும்பாலும் அதுக்குள்ளயே அடங்கிடும்.

பிளக்கு 140தான் கொடுக்கும். வேலைக்கும் 140 போதும். நடுவுல இந்த 250 எதுக்கு வந்தது? பக்கத்துக் கடைக்காரன் 200ன்னு போட்டிருக்கான், அதனால இவன் 250ன்னு போடறான். வேற காரணம் இல்லை.

இதுல ஏமாந்து போறது சின்னப் பணம் இல்லை. சாதாரண ராடு வெல்டிங் மெஷின் அஞ்சாறாயிரத்துலயே கிடைக்குது. மிக்குன்னு வந்தா பதினஞ்சு, இருபதாயிரம்னு போகுது. லிட்டர் நாப்பது ரூபாய்க்குப் பால் ஊத்தினாக்கூட, இருபதாயிரம்ங்கிறது ஐநூறு லிட்டர் பால். தீவனம், வைக்கோல், வைத்தியர் செலவு போக நிக்கிறதை வச்சுப் பாத்தா, ஒரு குடும்பம் அதை மிச்சம் பிடிக்க எத்தனை மாசம் ஆகும்னு நீங்களே யோசிங்க. அந்தப் பணத்துக்கு வாங்கின மெஷின் ரெண்டாவது கோடையில வாயைப் பொளந்தா, அதைச் சரி பண்ண போர்டும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.

"ராடு வெல்டிங்தான்யா நிஜம்"

எதிர்ப் பக்கத்துலயும் ஒரு கூட்டம் இருக்கு. மிக் எல்லாம் கம்பெனிக்கு, வீட்டுக்கு ராடுதான்னு அடிச்சுச் சொல்லுவாங்க. பட்டறை அண்ணன்மார்கள் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா இந்தப் பேச்சை ஒத்துக்க முடியாது.

18 கேஜ் டியூப்ல 2.5 மில்லி ராடை வச்சுப் புதுசா பழகறவன் கை வச்சா என்ன ஆகும்? ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கப் போய் இன்னும் பெரிய ஓட்டை. இருபது வருஷம் கை பழகினவர் தட்டித் தட்டி, விட்டு விட்டு, அழகா முடிச்சுடுவார். அவர் கையை நாம கடையில வாங்க முடியாது. மெல்லிசு இரும்புக்கு 0.8 மில்லி வயர் ஓடற மிக் மெஷின், புது ஆளுக்கு உண்மையிலேயே சுலபம். ஒரு நாள் பழகினா கோடு போட வரும். அதனால மெல்லிசு டியூப் வேலை அதிகம் இருக்கிற வீட்டுக்கு மிக் வாங்கறது ஆடம்பரம் இல்லை.

ஆனா கலப்பைக் கொழு, துருப்பிடிச்ச டிரெய்லர் கொக்கி, நட்ட நடு வயல்ல உடைஞ்ச ஏதோ ஒண்ணு, இதுக்கெல்லாம் ராடுதான். காரணம் சொல்றேன். வாயு வச்சுப் பத்த வைக்கும்போது, அந்த வாயு உருகின இரும்பைக் காத்துலேர்ந்து மூடிக் காப்பாத்தணும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல காத்தடிச்சா அந்த மூடி கலைஞ்சுடும். அமெரிக்க வெல்டிங் விதிமுறையில அதைத்தான் எல்லையா வச்சிருக்காங்க. ஆடி மாசத்துல எங்க ஊர் வயல்ல அந்த வேகத்துக்குக் கீழ காத்து எப்போ இருக்கும்? உள்ள பூரா பொத்தல் பொத்தலா, ரவை உப்புமா மாதிரி வெல்டு வரும். மேல பாத்தா நல்லா இருக்கும், தட்டினா உதிரும்.

கம்பெனியில வேலை பாக்கற பசங்க இந்த இடத்துலதான் தடுமாறுவாங்க. அங்கே மூணு ஃபேஸ் மெஷின், புதுத் தகடு, எண்ணெய் துடைச்சது, ஜிக்ல பிடிச்சு வச்சது, கூரைக்குக் கீழ. இங்கே பழைய பைப்பு, பெயின்ட், துரு, சாணி. மெஷின் பேரு ஒண்ணா இருக்கிறதால வேலையும் ஒண்ணுன்னு ஆயிடாது.

வாயு இல்லாத மிக்: எது உண்மை, எது கதை

"கேஸே வேண்டாம் சார், அப்படியே சொருகினா ஓடும்"னு விக்கிறது ஃபிளக்ஸ் கோர் வயர் ஓட்டற மெஷின். வயருக்குள்ளயே மருந்து இருக்கும். அது எரிஞ்சு புகையும் கசடுமா மூடிக் காப்பாத்தும். இது மோசடி இல்லை. அமெரிக்காவுல லிங்கன் கம்பெனி 1950கள் கடைசியிலயே இதைக் கொண்டு வந்தாச்சு. காத்தடிக்கிற இடத்துக்கு நல்லாவே ஒத்துவரும்.

ஆனா சொல்லாம விடறது மூணு. ஒண்ணு, இந்த வயர் கிலோ விலை சாதா வயரை விட ரொம்ப அதிகம். ரெண்டு, புகையும் தெறிப்பும் அதிகம், 1.2 மில்லிக்குக் கீழ ஓட்டை விழாம ஓட்டறது கஷ்டம். மூணாவதுதான் முக்கியம். வாயு வயருக்கு டார்ச்சு பிளஸ்ல இருக்கணும். இந்த மருந்து வயருக்கு டார்ச்சு மைனஸ்ல இருக்கணும். மாத்திப் போடற வசதி மெஷின்ல இருக்கான்னு பாக்கணும். சில மலிவு மெஷின்ல அது கிடையாது. அதுல மருந்து வயரைத் தப்பான பக்கம் ஓட்டினா, தீபாவளி கம்பி மத்தாப்பு மாதிரி தெறிக்கும், ஒட்டாது. வாங்கினவர் தனக்குத்தான் கை வரலைன்னு நினைச்சு மூலையில போட்டுடுவார். கை மேல தப்பு இல்லை சார், கம்பி மாறி இருக்கு.

வாயு சிலிண்டரைப் பாத்துப் பயப்படறதுலயும் அர்த்தம் இல்லை. ஒரு கிலோ சிஓடூ வெளிய வந்தா 500 லிட்டருக்கு மேல வாயு. நிமிஷத்துக்கு 10 லிட்டர்னு வச்சா 50 நிமிஷம் ஆர்க் எரியும். அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர்ல நாலு மணி நேரம். ஒரு கேட்டுக்கு ஆர்க் எரியற நேரம் மட்டும் கணக்குப் பண்ணா நிமிஷக் கணக்குதான். மிச்ச நேரமெல்லாம் அளக்கறதும் அறுக்கறதும் தேய்க்கறதும். ஸ்ரீபெரும்புதூர் பெல்ட்டுல இருக்கிறவங்களுக்கு வாயு நிரப்பறது பெரிய பாடு இல்லை. உங்க ஊர்ல நிரப்ப இடம் இருக்கான்னு மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க. வாங்கின பிறகு கேக்கறவங்கதான் அதிகம். சிலிண்டரை நிமித்தி, சங்கிலி போட்டு வைங்க. சன்னல் சாத்தின ரூமுக்குள்ள வேலை வேண்டாம்.

கடையில என்ன கேக்கணும்

முதல்ல பெட்டியைப் பாக்காதீங்க. மெஷினைத் திருப்பி, பின்னாடி ஒட்டியிருக்கிற விவரத் தகட்டைப் பாருங்க. அதுல எக்ஸ்னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல சதவீதம். பத்து நிமிஷத்துல எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓட்டலாம்ங்கிறதுதான் அது. 140 ஆம்ப்புக்கு 60 சதவீதம்னா, ஆறு நிமிஷம் ஓட்டி நாலு நிமிஷம் ஆற விடணும். 140க்கு 20 சதவீதம்னா ரெண்டு நிமிஷம்தான். அந்தக் கணக்கு எத்தனை டிகிரி வெப்பத்துலன்னு கேளுங்க. சர்வதேச விதிப்படி 40 டிகிரியில சோதிக்கணும். 20 டிகிரியில சோதிச்ச நம்பர் ஊட்டிக்கு உதவும், சித்திரை மாசத்து ஸ்ரீபெரும்புதூருக்கு உதவாது.

அதே தகட்டுல ஐ ஒன் மேக்ஸ், ஐ ஒன் எஃப்னு ரெண்டு நம்பர் இருக்கும். சுவத்துலேர்ந்து மெஷின் இழுக்கற ஆம்பியர் அது. முதல் நம்பர் உச்சத்துல இழுக்கறது, ரெண்டாவது நின்னு ஓடும்போது சராசரியா சுமை. ரெண்டாவது நம்பரே 16ஐத் தாண்டினா உங்க வீட்டு பிளக்கு அதுக்கு இல்லை. தனி லைன் இழுக்கணும். தகடே இல்லாத மெஷினா? எழுந்து வந்துடுங்க. அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்லை.

அடுத்தது வயர் தள்ளற உருளை. பிளாஸ்டிக்கா, இரும்பா? மிக் மெஷின்ல பாதிப் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கும். உருளை வழுக்கினா வயர் உள்ளயே சிக்கிக் குருவிக்கூடு கட்டிடும். சாதா வயருக்கு வழவழப்பான பள்ளம், மருந்து வயருக்குப் பல் வெட்டின பள்ளம், ரெண்டும் கூடவே வருதான்னு பாருங்க.

அப்புறம் டார்ச்சு. கழட்டி மாத்தற மாதிரி பொதுவான கனெக்டர் இருக்கணும். நிறையப் பேர் வச்சிருக்கிற 15ஆம் நம்பர் மாடலா இருந்தா டிப்பும் நாசிலும் எந்த வெல்டிங் கடையிலயும் கிடைக்கும். டிப்பு தேயற சாமான். அது உள்ளூர்ல கிடைக்காத மெஷின் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

வயர் உருண்டை எவ்வளவு பெரிசு பிடிக்கும்னு கேளுங்க. ஒரு கிலோ மட்டும் பிடிக்கிற மெஷின் அடக்கமா இருக்கும். ஆனா ஒரு கிலோ உருண்டையில கிலோ விலை அதிகம். அஞ்சு கிலோ பிடிச்சா நல்லது. ஒரு எச்சரிக்கை: ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல மெஷினுக்குள்ளயே விட்ட வயர் துருப்பிடிக்கும். வேலை முடிஞ்சதும் கழட்டி பிளாஸ்டிக் பையில கட்டி வைங்க.

"அலுமினியமும் பண்ணலாம்"னு சொன்னா சிரிச்சுட்டு விடுங்க. அதுக்கு ஆர்கான் வேணும், தனி டார்ச்சு வேணும், நிறைய பழக்கம் வேணும். இந்த விலைக்கு அது நடக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் முடிவு இதுதான். மிக்கும் ராடும் ரெண்டும் ஓட்டற ஒரே மெஷின். தகட்டுல உண்மையா 140லேர்ந்து 160 ஆம்ப். டார்ச்சு பிளஸ், மைனஸ் மாத்திப் போடற வசதி. வாயு வால்வு உள்ளேயே இருக்கணும். ரிப்பேர் பண்ண ஆள் இருபது கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். மெல்லிசு டியூபுக்கு வாயு, வெளிய காத்துல மருந்து வயர், கொழுவுக்கும் துருவுக்கும் ராடு. பெயர் பெத்த கம்பெனியா, பெயர் இல்லாததாங்கிறது இதுக்கு அப்புறம்தான்.

பெயர்னு வந்ததால ஒண்ணு சொல்றேன். பூச்சு பூசின வெல்டிங் ராடைக் கண்டுபிடிச்ச ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஷெல்பெரி 1904ல ஆரம்பிச்ச கம்பெனிதான் ஈசாப். அதோட ஆலை ஒண்ணு இங்கே இருங்காட்டுக்கோட்டையில இருக்கு. நாட்டோட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் திருச்சி பெல்ல இருக்கு. ஐடிஐயில வெல்டர் படிப்பு ஒரு வருஷம்தான். இவ்வளவு அறிவை மாநிலத்துக்குள்ள வச்சுக்கிட்டு, பெட்டியில ஒரு பொய் நம்பரைப் பாத்து ஏமாறறோம்னா, மெஷினைப் பத்தி நமக்குத் தெரிஞ்சவங்க கிட்ட கேக்கற பழக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம். உங்க தெருவுல சிஓடூ ஓட்டற ஒரு தம்பி கண்டிப்பா இருப்பான். அவனைக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுங்க.

மெஷினோட பணம் முடியறதில்லை

மெஷினுக்கு இருபதாயிரம் போட்டுட்டு, கண்ணுக்கு கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டுப் பத்த வைக்கிறவங்களைப் பாக்கறேன். ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி எரியும். உருளைக்கிழங்கு வெட்டி வைக்கிறது, தாய்ப்பால் விடறதுன்னு வைத்தியம் நடக்கும். கண் டாக்டரைப் பாருங்க. தானா கறுக்கிற ஹெல்மெட்டை மெஷினோடயே வாங்குங்க. கூட தோல் கையுறை, பருத்திச் சட்டை. ஹெல்மெட்டுக்குப் பணம் மிஞ்சலைன்னா, அந்த மெஷினுக்கும் உங்க கிட்ட பணம் இல்லைன்னு எடுத்துக்கோங்க.

ஜிஐ பைப்புன்னா மேல இருக்கிற துத்தநாகப் பூச்சைத் தேச்சு எடுத்துட்டு, வெளிக்காத்துல பத்த வைங்க. அந்த வெள்ளைப் புகையை இழுத்தா ராத்திரி குளிர் ஜுரம் அடிக்கும். மூடின டிரம்மு, பூச்சி மருந்து டின்னு, பெட்ரோல் இருந்த கேனு பக்கமே போகாதீங்க. வைக்கோல் போரும் கீத்துக் கொட்டகையும் பக்கத்துல இருந்தா, வேலையை நகத்துங்க. பக்கத்துல ரெண்டு குடம் தண்ணி இருக்கட்டும். கொட்டகையில வேலைன்னா மாட்டை அவுத்து வெளிய கட்டுங்க. ஈரத் தரை, இரும்புத் தூண், கழுத்துல சங்கிலி. கரண்டு கசிஞ்சா நம்மை விட மாட்டுக்குத்தான் முதல்ல அடிக்கும். டிராக்டர்ல பத்த வைக்கும் முன்னாடி பேட்டரி கம்பியைக் கழட்டிடுங்க.

கடைசியா ஒண்ணு. தோட்டத்து மோட்டார் லைன்ல மூணு ஃபேஸ் இருக்கேன்னு மெஷினை அதுல சொருகச் சொல்ற புத்திசாலிகள் எங்க ஊர்லயும் இருக்காங்க. அந்தக் கரண்டு தண்ணி இறைக்கிறதுக்குன்னு போராடி வாங்கினது. அதுல கேட்டு பத்த வச்சா சட்டப்படியும் தப்பு, மத்த விவசாயிகளுக்குப் பண்ற துரோகமும் கூட. "இலவசக் கரண்டை வீணடிக்கிறாங்க"ன்னு பேசறவங்களுக்கு நாமளே சாட்சி கொடுக்கக் கூடாது.

வருஷத்துக்கு ரெண்டு வேலைதான் வரும்னா மெஷினே வாங்காதீங்க. ஊர்ப் பட்டறைக்குக் கொடுங்க, அவரும் பிழைக்கணும். மாசத்துக்கு ரெண்டு வேலை வரும்னா மேல சொன்னபடி வாங்குங்க. அப்பவும் "இல்லை, எனக்கு 250தான் வேணும்"னு மனசு அடம் பிடிச்சா, கடைக்குப் போறதுக்கு முன்னாடி மின்வாரியத்துக்குப் போய் வீட்டுக்கு மூணு ஃபேஸ் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டுட்டு வாங்க.